வேலைக்கு முன் மூன்று கதவுகள்: அகதிகளைத் தொழிலாளர்களாக்கிய ஜெர்மனியின் பத்தாண்டு

2015ஆம் ஆண்டில் பாதுகாப்பு தேடி ஜெர்மனிக்குள் வந்தவர்கள் சுமார் 8 லட்சத்து 90 ஆயிரம் பேர். 2016இல் மேலும் 2 லட்சத்து 80 ஆயிரம் பேர் வந்தார்கள். சிரியா, ஆப்கானிஸ்தான், இராக் ஆகிய மூன்று நாட்டவர்களே அவர்களில் அதிகம். இத்தனை பேருக்குத் தங்க இடமும் உணவும் மருத்துவமும் கொடுப்பது சில மாதங்களில் சமாளித்துவிடக்கூடிய வேலை. அவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாழத் தொடங்குவதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் ஆகும். 'நம்மால் முடியும்' என்று அன்றைய பிரதமர் ஏஞ்சலா மெர்க்கல் 2015 ஆகஸ்ட் 31 அன்று சொன்னதற்கு உண்மையான சோதனை அங்கேதான் இருந்தது.

நியூரம்பெர்க் நகரில் இயங்கும் தொழிலாளர் சந்தை ஆய்வு நிறுவனம், மத்திய அகதிகள் அலுவலகத்துடன் சேர்ந்து இந்த மக்களை 2016 முதல் ஆண்டுதோறும் பின்தொடர்ந்து கணக்கெடுத்துவருகிறது. வந்த முதல் ஆண்டில் பத்தில் ஒருவர்கூட வேலையில் இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2022இல், 2015இல் வந்தவர்களில் உழைக்கும் வயதினரின் 64 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள். போரிலிருந்து தப்பி, மொழி தெரியாத நாட்டில் இறங்கிய ஒரு கூட்டத்துக்கு இது சிறிய சாதனை அல்ல. கல்வியும் பயிற்சியும் இதற்குப் பெரிய காரணம். ஆனால் அவை தனியாக எதையும் செய்துவிடவில்லை. மொழி, தொழில் சான்று, சட்டப்படி வேலை செய்யும் உரிமை ஆகிய மூன்று கதவுகளும் திறந்த இடத்தில்தான் பயிற்சி சம்பளமாக மாறியது. ஒன்று மூடியிருந்தாலும் மற்ற இரண்டும் வீணாயின.

வந்தவர்கள் யார்?

2015இல் புகலிடம் கேட்டு விண்ணப்பித்தவர்களில் பத்தில் ஏழு பேர் 30 வயதைத் தாண்டாதவர்கள். மக்கள்தொகை மூப்படைந்துவரும் ஜெர்மனிக்கு இந்த இளமை ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது. அதே ஆண்டில் அந்நாட்டில் சுமார் 41 ஆயிரம் தொழிற்பயிற்சி இடங்கள் ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடந்தன. ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, கட்டுமானம், உணவகம் போன்ற தொழில்களுக்கு உள்ளூர் இளைஞர்கள் வருவது குறைந்துகொண்டே போனது.

ஒரு பக்கம் ஆள் இல்லாத வேலை, மறுபக்கம் வேலை இல்லாத ஆள். இரண்டையும் சேர்த்துவிட்டால் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். நடைமுறை அப்படி எளிதாக இருக்கவில்லை. வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஜெர்மன் மொழி அறவே தெரியாது. பட்டமோ முறையான தொழிற்கல்விச் சான்றோ வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் தொழில் தெரியாதவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அலெப்போவிலும் டமாஸ்கஸிலும் ஒருவர் தச்சுவேலையையோ மின்பணியையோ அப்பாவிடமும் மாமாவிடமும் கடையில் நின்று கற்றுக்கொள்வார். பதினைந்து ஆண்டு அனுபவம் இருக்கும், ஒரு தாள் இருக்காது. ஜெர்மனியிலோ கூரை வேய்வதற்கும் முடி வெட்டுவதற்கும்கூடத் தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. ஒருவர் என்ன செய்யத் தெரிந்தவர் என்பதை அங்குள்ள முதலாளி அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

வேலைத் தடை விட்டுப்போன வடு

அகதிகள் விஷயத்தில் ஜெர்மனிக்கு 2015 முதல் அனுபவம் அல்ல. 1983 கறுப்பு ஜூலைக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து புகலிடம் கேட்டவர்கள் அவர்களில் பலர். அவர்களை வரவேற்ற சட்டம் வேறு மாதிரி இருந்தது. புகலிடம் கேட்பவர்கள் வேலை செய்யக் கூடாது என்ற தடை 1980இல் ஓராண்டாகத் தொடங்கி, பிறகு இரண்டு ஆண்டாகி, 1987இல் ஐந்து ஆண்டாக நீண்டது. வேலை செய்ய விடாவிட்டால் வருபவர்கள் குறைவார்கள் என்பதே அரசின் கணக்கு. வருவது குறையவில்லை. உழைக்கத் துடித்த இளைஞர்கள் விடுதி அறைகளில் வயதைக் கழித்ததுதான் மிச்சம். 1991இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. தடை நீங்கிய பின் பலருக்கு உணவகச் சமையலறையும் துப்புரவுப் பணியுமே கிடைத்தன. ஊரில் படித்த படிப்பு அங்கே கணக்கில் வரவில்லை. அவர்களின் பிள்ளைகள்தான் ஜெர்மன் பள்ளிகளில் படித்து மேலே வந்தார்கள்.

1990களின் இறுதியில் தடை வேறு வடிவில் திரும்பி வந்தது. யுகோஸ்லாவியப் போரிலிருந்து தப்பி வந்த இரண்டு குழுக்களை ஆய்வாளர்கள் பின்னாளில் ஒப்பிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் வந்த நீதிமன்றத் தீர்ப்பால் தடைக்காலம் சுருங்கியது. அதனால் 1999இல் வந்தவர்கள், அடுத்த ஆண்டு வந்தவர்களைவிட ஏழு மாதம் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது. மற்றபடி இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த ஏழு மாதம் கூடுதலாகக் காத்திருந்தவர்களில் வேலையில் இருந்தோர் விகிதம் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. இடைவெளி மறையப் பத்தாண்டு வரை ஆனது. சும்மா இருக்க வைக்கும் காலம் வெறும் காலவிரயம் அல்ல என்பதை இந்த ஆய்வு காட்டியது. அது ஊக்கத்தை முறிக்கிறது, கைப்பழக்கத்தை மறக்கடிக்கிறது, உதவித்தொகையில் வாழ்வதைப் பழக்கமாக்குகிறது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு, 2014இல், தடைக்காலம் மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் முதல் வரவேற்பு முகாமில் தங்கியிருப்பவர்களுக்கும், 'பாதுகாப்பான நாடு' என்று பட்டியலிடப்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன.

முதல் கதவு: மொழி

2005இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டத்தின் கீழ் உருவானது ஒருங்கிணைப்பு வகுப்பு. 45 நிமிடம் கொண்ட 600 பாடவேளைகள் மொழிக்கு. 2016 முதல் 100 பாடவேளைகள் நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை பற்றிய அறிமுகத்துக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும், வேறு எழுத்துமுறையில் மட்டும் படித்தவர்களுக்கும் தனி வகுப்புகள் உண்டு. அவை இன்னும் நீளமானவை. வகுப்பின் முடிவில் எட்டவேண்டிய இலக்கு 'பி1' என்ற நிலை. கடையில் பேசலாம், மருத்துவரிடம் நோயைச் சொல்லலாம், வீட்டுக்காரரின் கடிதத்தைப் புரிந்துகொள்ளலாம்.

தொழில் கற்க இது போதாது. தச்சுப் பள்ளியில் சேர்ந்த ஒரு சிரிய இளைஞருக்கு மரத்தின் அளவும் கோணமும் கணக்கும் தெரியும். தேர்வுத்தாளில் அதே கணக்கு எட்டு வரி வாக்கியமாக, வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும் ஜெர்மன் நடையில் இருக்கும். கேள்வி என்ன கேட்கிறது என்று புரிவதற்குள் நேரம் போய்விடும். பயிற்சியில் சேர்ந்த அகதிகள் தடுக்கி விழுந்த இடம் பெரும்பாலும் பட்டறை அல்ல, தொழிற்பள்ளியின் கரும்பலகை. இதை உணர்ந்த அரசு 2016 ஜூலை முதல் தொழில்சார் மொழி வகுப்புகளைப் பெருமளவில் நடத்தத் தொடங்கியது. 'பி2', 'சி1' என்ற மேல்நிலைகளுக்கு அவை இட்டுச் செல்கின்றன. செவிலியர், தொழிற்கூடப் பணியாளர், அலுவலக ஊழியர் என்று அவரவர் தொழிலின் சொற்களைக் கற்றுத்தருகின்றன.

யாருக்கு வகுப்பு என்பதில்தான் முதல் பெரிய தவறு நடந்தது. புகலிட விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவர்களில், 'தங்கும் வாய்ப்பு அதிகம்' என்று கருதப்பட்ட நாட்டவர்களுக்கு மட்டும் 2015 இறுதியில் வகுப்புகள் திறக்கப்பட்டன. சிரியர்கள் சேர்ந்தார்கள். ஆப்கானியர்கள் அந்தப் பட்டியலில் நீண்ட காலம் இல்லை. அவர்களில் மிகப் பலர் கடைசியில் ஜெர்மனியிலேயே தங்கினார்கள். மொழி கற்றிருக்க வேண்டிய முதல் ஆண்டுகளை இழந்துவிட்டுத் தங்கினார்கள். ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் தேவாலயக் கூடங்களிலும் நூலகங்களிலும் சொல்லிக்கொடுத்த ஜெர்மன்தான் பலருக்கு அப்போது கைகொடுத்தது.

பட்டறையும் பள்ளியும்

ஜெர்மனியின் தொழிற்கல்விக்கு இரட்டை முறை என்று பெயர். பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர் ஒரு நிறுவனத்துடன் பயிற்சி ஒப்பந்தம் போடுகிறார். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் அந்த நிறுவனத்தில் வேலை, மற்ற நாட்களில் தொழிற்பள்ளியில் பாடம். மூன்று அல்லது மூன்றரை ஆண்டு இப்படிப் போகும். இறுதியில் வணிகக் கழகமோ கைத்தொழில் கழகமோ நடத்தும் தேர்வு. அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் 320க்கும் மேல். பயிற்சிக் காலத்தில் மாதந்தோறும் உதவிச் சம்பளம் உண்டு. அதற்கான குறைந்தபட்ச அளவை 2020இல் சட்டம் நிர்ணயித்தது. அன்று முதலாண்டுக்கு 515 யூரோவாக இருந்தது, 2025இல் 682 யூரோ.

அகதிகளுக்கு இந்த முறையில் ஒரு தனிச்சிறப்பு இருந்தது. தொழில் பழகுநராக ஒருவர் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கு மேஸ்திரி இருக்கிறார், சக ஊழியர் இருக்கிறார், காலையில் எழுந்து போக ஓர் இடம் இருக்கிறது. வகுப்பில் ஓராண்டு படித்தும் வராத பேச்சுமொழி பட்டறையில் மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது. முதலாளிக்கும் ஆளை நேரில் பார்த்து எடைபோட வாய்ப்பு கிடைக்கிறது.

நேராகப் பயிற்சியில் சேர முடியாதவர்களுக்குப் படிக்கட்டுகள் தேவைப்பட்டன. பவேரிய மாநிலம் 16 வயதைத் தாண்டிய அகதி இளைஞர்களுக்குத் தொழிற்பள்ளிகளிலேயே இரண்டு ஆண்டுத் தொழில் ஒருங்கிணைப்பு வகுப்புகளை நடத்தியது. முதலாண்டில் மொழியும் கணக்கும், இரண்டாம் ஆண்டில் வெவ்வேறு நிறுவனங்களில் வேலை பழகுதல். நாடு முழுவதும் 'நுழைவுத் தகுதி' என்ற பெயரில், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஒரு நிறுவனத்தில் முன்பயிற்சி பெறும் திட்டமும் இருந்தது. அதற்கான படித்தொகையில் அரசு பங்கேற்றது. பயிற்சியில் சேர்ந்த பின் பாடத்தில் பின்தங்குபவர்களுக்கு மாலையில் துணை வகுப்பும், ஆவணப் பிரச்சினை முதல் வீட்டுப் பிரச்சினை வரை கேட்டு உதவும் வழிகாட்டியும் கிடைத்தார்கள். வணிகக் கழகங்களின் கூட்டமைப்பு 2016இல் அகதிகளை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கென்று ஒரு வலையமைப்பையே தொடங்கியது. பயன்பெற்றவை பெரிய ஆலைகள் மட்டுமல்ல. பத்துப் பேர் வேலை செய்யும் மின்பணிக் கடைகளும், தலைமுறையாக நடக்கும் ரொட்டிக் கடைகளும், சிற்றூர் உணவகங்களும் அதில் சேர்ந்தன.

ஆனாலும் பலர் பயிற்சிக்கு வரத் தயங்கினார்கள். அதற்கு நியாயமான காரணம் இருந்தது. கடன் வாங்கி, ஆள்கடத்துபவருக்குக் கொடுத்து வந்தவர்கள் அவர்கள். ஊரில் விட்டுவந்த பெற்றோருக்கு மாதம் பிறந்தால் பணம் போக வேண்டும். மூன்றாண்டு குறைந்த படித்தொகையில் இருப்பதைவிடக் கிடங்கில் பெட்டி தூக்கினால் உடனே முழுச் சம்பளம் வரும். பயிற்சி முடித்தவரின் வாழ்நாள் வருமானம் கூடுதல் என்று ஆலோசகர்கள் சொல்வது உண்மை. ஆனால் அம்மாவின் மருந்துச் செலவு அதுவரை காத்திருக்காது. அந்த நெருக்கடியை உணர்ந்து பேசிய வழிகாட்டிகளால்தான் இளைஞர்களைப் பயிற்சியில் நிலைநிறுத்த முடிந்தது.

மூன்றும் இரண்டும்

பயிற்சி கொடுக்க முன்வந்த முதலாளிகளிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது: 'இரண்டாம் ஆண்டு நடுவில் இவரை நாடுகடத்திவிட்டால் என் உழைப்பு என்னாவது?' புகலிடம் மறுக்கப்பட்டாலும் பலரை உடனே திருப்பி அனுப்ப முடியாது. அவர்களுக்கு நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஒரு தாள் கொடுக்கப்படும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தாளை நம்பி மூன்றரை ஆண்டு ஒப்பந்தம் போட எந்த நிறுவனமும் துணியாது.

2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைப்புச் சட்டம் இதற்குத் தீர்வு தந்தது. புகலிடம் மறுக்கப்பட்டவரும் முறையான தொழிற்பயிற்சியில் சேர்ந்துவிட்டால், பயிற்சி முடியும் வரை, வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்கு, அவரை நாடுகடத்தக் கூடாது. தேர்ச்சி பெற்று அதே தொழிலில் வேலைக்குச் சேர்ந்தால் மேலும் இரண்டு ஆண்டுக்குத் தங்கும் அனுமதி. 'மூன்று கூட்டல் இரண்டு' என்று இதை எல்லோரும் அழைத்தார்கள். கல்வியையும் சட்ட உரிமையையும் ஒரே முடிச்சில் கட்டியது இந்த விதி. படித்தால் தங்கலாம் என்பது இளைஞருக்கு உறுதி. பயிற்சி கொடுத்தால் ஆள் நிலைப்பார் என்பது முதலாளிக்கு உறுதி.

விதி ஒன்றாக இருந்தாலும் மாநிலத்துக்கு மாநிலம் அதைப் படித்த விதம் மாறியது. சில மாநிலங்களில் அதிகாரிகள் தாராளமாக அனுமதித்தார்கள். பவேரியா போன்ற இடங்களில் அடையாள ஆவணம், கடவுச்சீட்டு என்று நிபந்தனைகள் இறுகின. பயிற்சி ஒப்பந்தம் கையில் இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டவர்கள் உண்டு. ஒரு நல்ல ஊழியரை இழந்த கைத்தொழில் முதலாளிகளே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2020 ஜனவரியில் இதற்கெனத் தனிச் சட்டப்பிரிவு வந்து நடைமுறையை ஓரளவு ஒழுங்குபடுத்தியது. 2022 இறுதியில் இன்னொரு சட்டம், ஐந்து ஆண்டுகளாக இந்தத் தற்காலிக நிலையில் உழன்றவர்களுக்கு 18 மாத அனுமதி கொடுத்து, அதற்குள் வேலையும் மொழியும் அடையாளமும் காட்டினால் தொடர்ந்து தங்க வழி செய்தது.

கைவண்ணத்துக்கு ஒரு தேர்வு

ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களை மறுபடி முதல் வகுப்பில் உட்காரவைப்பது அவர்களுக்கும் நாட்டுக்கும் நஷ்டம். வெளிநாட்டுத் தொழில் தகுதிகளை ஜெர்மன் தகுதியுடன் ஒப்பிட்டு மதிப்பிடும் உரிமையை எல்லோருக்கும் தந்த அங்கீகாரச் சட்டம் 2012 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தகுதி முழுமையாகப் பொருந்தினால் முழு அங்கீகாரம். குறை இருந்தால் எது குறைகிறது என்று எழுத்தில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பகுதியை மட்டும் படித்து முடித்தால் போதும்.

தாள்கள் எரிந்துபோனவர்களுக்கும் கடலில் தொலைத்தவர்களுக்கும் அந்தச் சட்டம் வேறொரு வழி வைத்திருந்தது. உதாரணமாக, ஒரு மின்பணியாளர் கைத்தொழில் கழகத்தின் பயிற்சிக்கூடத்துக்கு அழைக்கப்படுகிறார். முன்னால் ஒரு பலகை, கம்பிச் சுருள், சுவிட்சுகள், மின்துண்டிப்பான்கள், ஒரு வரைபடம். வரைபடத்தில் உள்ளபடி இணைப்புகளைச் செய்ய வேண்டும். அந்தத் துறையில் மேஸ்திரிப் பட்டம் பெற்ற நிபுணர் அருகில் நின்று பார்க்கிறார்: வேலையைத் தொடங்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்தாரா, மின்னழுத்தம் இல்லை என்று சோதித்துப் பார்த்தாரா, மண்ணிணைப்பைச் சரியாகக் கொடுத்தாரா, முடித்த பின் அளந்து எழுதினாரா? பிறகு தொழில் பற்றிய உரையாடல். சிரியாவில் வேலை செய்த முறைக்கும் ஜெர்மன் பாதுகாப்பு விதிகளுக்கும் உள்ள வேறுபாடு அங்கே வெளிப்படும். கையில் தொழில் இருக்கிறது, விதிகளில் மட்டும் பயிற்சி தேவை என்று நிபுணர் எழுதிக்கொடுத்தால், மூன்றரை ஆண்டுப் படிப்பு சில மாதங்களாகச் சுருங்கிவிடும்.

மருத்துவர்களின் பாதை இதைவிடக் கடினமானது. முதலில் தொழில்மொழித் தேர்வு. இருபது நிமிடம் நோயாளியாக நடிப்பவரிடம் விவரம் கேட்க வேண்டும். அடுத்த இருபது நிமிடத்தில் அதை மருத்துவ அறிக்கையாக எழுத வேண்டும். கடைசி இருபது நிமிடத்தில் மூத்த மருத்துவரிடம் அந்த நோயாளியைப் பற்றி விளக்க வேண்டும். நோயாளியிடம் பேசும்போது எளிய சொற்கள், மருத்துவரிடம் பேசும்போது துறைச் சொற்கள். இரண்டும் சரளமாக வர வேண்டும். அதன் பிறகு, படிப்பு சமமானது என்று ஏற்கப்படாவிட்டால், மருத்துவ அறிவுத் தேர்வு வேறு. பல ஆண்டு எடுத்தும் இதைத் தாண்டி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஜெர்மன் மருத்துவமனைகளில் இன்று பணிபுரியும் சிரியக் குடியுரிமை கொண்ட மருத்துவர்கள் 5 ஆயிரத்துக்கும் மேல். வெளிநாட்டு மருத்துவர்களில் மிகப் பெரிய குழுவினர் அவர்கள்தான். 2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி வீழ்ந்தபோது, இவர்கள் திரும்பிப் போய்விட்டால் சிறு நகரங்களின் மருத்துவமனைகள் பெரும் நெருக்கடிக்கு ஆளாகும் என்று மருத்துவமனைகளின் கூட்டமைப்பே எச்சரித்தது.

பாதிப் படிப்பில் நாட்டைவிட்டு ஓடிவந்த மாணவர்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. ஆவணம் தொலைந்திருந்தாலும் நுழைவுத் தேர்வு மூலம் தகுதியை நிரூபிக்கலாம் என்று மாநிலக் கல்வி அமைச்சர்கள் 2015 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். பல்கலைக்கழகங்களில் அகதி மாணவர்களுக்கான மொழி, ஆயத்த வகுப்புகளுக்கு மத்திய அரசின் நிதி 2016 முதல் சென்றது.

பின்தங்கிய பெண்கள்

இந்தப் பத்தாண்டின் பெரிய குறை பெண்கள் விஷயத்தில்தான். வந்து எட்டு ஆண்டு ஆன அகதி ஆண்களில் 86 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள். பெண்களில் 33 சதவீதம் பேர் மட்டுமே. ஊரில் வேலைக்குப் போகாதவர்கள், அதனால் இங்கும் போகவில்லை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வேலைக்குப் போக விரும்புவதாகச் சொல்லும் பெண்கள் மிக அதிகம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வந்த சில ஆண்டுகளில் பலருக்கும் குழந்தை பிறந்தது. ஓராண்டு நிறைந்த குழந்தைக்குக் காப்பக இடம் பெறும் உரிமை 2013 முதல் சட்டத்தில் உண்டு. ஆனால் பல நகரங்களில் இடம்தான் இல்லை. குழந்தையை விட ஆளில்லாதவர் மொழி வகுப்புக்குப் போக முடியாது. மொழி இல்லாதவருக்கு வேலை கிடைக்காது. கணவர் படித்து வேலைக்குச் சேரும் ஐந்து ஆண்டில் மனைவி வீட்டிலேயே நின்றுபோகிறார். இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பெண்களில் முன்பு வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியர், சுகாதாரப் பணியாளர், அரசு ஊழியர். ஜெர்மனியில் மிகக் கடுமையான அங்கீகார விதிகள் கொண்ட துறைகள் இவையே. கட்டடத் தொழிலாளி சில மாதத்தில் வேலைக்குப் போய்விடலாம், கணித ஆசிரியையால் முடியாது.

குழந்தைக் கவனிப்புடன் சேர்ந்த மொழி வகுப்பு, பெண்களுக்கும் பெற்றோருக்குமான தனி ஒருங்கிணைப்பு வகுப்பு, பகுதிநேரத் தொழிற்பயிற்சி ஆகியவை இதற்கான தீர்வுகள். அவை எல்லாமே சட்டத்தில் இருக்கின்றன. எண்ணிக்கையில்தான் போதாமல் இருக்கின்றன.

உடனடி வேலையா, நீண்ட பயிற்சியா?

2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரைனியர்கள் ஜெர்மனிக்கு வந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தற்காலிகப் பாதுகாப்பு விதி அவர்களுக்குப் பொருந்தியதால் புகலிட விசாரணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வேலை செய்ய உடனே உரிமை உண்டு. பெரும்பாலானோர் பெண்கள், படித்தவர்கள். ஜெர்மனி அவர்களை முதலில் மொழி வகுப்புக்கு அனுப்பியது. நெதர்லாந்தும் டென்மார்க்கும் முதலில் வேலைக்கு அனுப்பின. இரண்டு ஆண்டுக்குள் அந்த நாடுகளில் வேலைக்குப் போன உக்ரைனியர்களின் விகிதம் ஜெர்மனியைவிட மிக அதிகமாக இருந்தது.

விமர்சனம் எழுந்ததும் ஜெர்மன் அரசு 2023 அக்டோபரில் வேகத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அடிப்படை மொழி வகுப்பு முடிந்தவுடன் வேலைவாய்ப்பு அலுவலகம் அடிக்கடி அழைத்துப் பேசும். கிடைத்த வேலையில் சேர வேண்டும். மீதி மொழியை வேலையோடு சேர்த்துக் கற்கலாம்.

இரண்டு பக்கமும் வாதம் உண்டு. உடனே வேலைக்குப் போனவர் பேச்சுமொழியைப் பழகுகிறார், தன்மானத்தோடு வாழ்கிறார், ஆனால் கிடங்கிலும் துப்புரவிலும் மாட்டிக்கொண்டு கணக்காளராகவோ செவிலியராகவோ திரும்ப முடியாமல் போகலாம். 2015இல் வந்தவர்களிலேயே கணிசமானோர் ஊரில் பார்த்ததைவிடக் கீழான வேலையில் இருக்கிறார்கள். சம்பளமும் நாட்டின் நடுத்தர அளவைவிடக் குறைவு. நீண்ட பயிற்சி எடுத்தவர் பிற்காலத்தில் மேலே ஏறுகிறார், ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் அரசின் கையை எதிர்பார்க்கிறார். வேலையையும் பாடத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தாமல், ஒரே வாரத்துக்குள் இரண்டுக்கும் இடம் கொடுப்பதே சரியான விடை. இரட்டைத் தொழிற்கல்வி முறை அதைத்தான் நீண்ட காலமாகச் செய்துவருகிறது.

தங்கும் இடத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். வரிவருவாயும் மக்கள்தொகையும் வைத்துப் போட்ட ஒரு கணக்கின்படி அகதிகள் 16 மாநிலங்களுக்கும் பிரித்தனுப்பப்பட்டார்கள். 2016 சட்டம், அங்கீகரிக்கப்பட்ட அகதியும் மூன்று ஆண்டு அதே மாநிலத்தில்தான் இருக்க வேண்டும் என்றது. சுமையைப் பங்கிட அது உதவியது. ஆனால் வேலை தேடுபவரை வேலை இல்லாத ஊரில் கட்டிப்போட்டது. இந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள் வேலை கிடைப்பதில் பின்தங்கியதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

படிப்பு இருந்தும் திறக்காத கதவு

மூன்று கதவுகளில் சட்ட உரிமை மட்டும் மூடியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1983 முதல் வந்த இலங்கைத் தமிழர்களில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் மறுவாழ்வு முகாம்களில் வாழ்கிறார்கள். இவர்களுக்கு மொழி ஒரு தடையே அல்ல. கல்வியும் பெருமளவு கிடைத்தது. 1991க்குப் பிறகு சில காலம் சேர்க்கை தடைப்பட்டாலும் பின்னர் பள்ளி, கல்லூரிக் கதவுகள் திறந்தன. எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளின் படிப்பைத் தன் முதல் பணியாக எடுத்துக்கொண்டது. முகாம்களிலிருந்து பொறியாளர்களும் பட்டதாரிகளும் உருவானார்கள்.

ஆனால் அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும். பெரிய நிறுவனங்கள் கடவுச்சீட்டு கேட்கின்றன. பொறியியல் பட்டம் பெற்றும் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போகும் இளைஞர்களை முகாமுக்கு முகாம் பார்க்கலாம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்கள் இடம்பெறவில்லை. இந்திய மண்ணில் பிறந்து இந்தியப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் பிறப்பால் குடியுரிமை கிடைக்காதபடி குடியுரிமைச் சட்டத்தின் திருத்தங்கள் தடுக்கின்றன.

சில அசைவுகள் தென்படுகின்றன. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, வீடுகளுக்கும் கல்விக்கும் திறன் பயிற்சிக்கும் 317 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான தண்டனை விதிகளிலிருந்து விலக்கி மத்திய அரசு 2025 செப்டம்பரில் ஆணை பிறப்பித்தது. இவை நல்ல தொடக்கங்கள். தண்டனையிலிருந்து விலக்கு என்பது வேறு, வேலை செய்யும் உரிமை என்பது வேறு.

எந்த வரிசையில்?

பத்தாண்டு ஜெர்மன் அனுபவம் சில தெளிவான விதிகளைத் தருகிறது. முதலாவது, காத்திருக்க வைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் பின்னாளில் பல மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே மொழி வகுப்பு வந்த முதல் வாரத்திலேயே, எல்லா நாட்டவருக்கும் தொடங்க வேண்டும். இரண்டாவது, ஊரில் கற்ற தொழிலை முதலில் அடையாளம் காண வேண்டும். தாள் இல்லாதவரின் கையைச் சோதிக்கலாம். மூன்றாவது, பயிற்சியை வேலைத்தளத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அதற்கான படித்தொகை ஒரு குடும்பத்தின் நெருக்கடியைத் தாங்குமளவு இருக்க வேண்டும். நான்காவது, குழந்தைக் காப்பகம் பயிற்சித் திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி மக்கள் வெளியே நிற்பார்கள். ஐந்தாவது, பயிற்சி பெறுபவருக்கும் கொடுப்பவருக்கும் எதிர்காலம் பற்றிய சட்ட உறுதி வேண்டும்.

அந்த ஐந்தாவது விதிதான் மற்ற நான்கையும் தாங்குகிறது. 2024இல் ஜெர்மன் குடியுரிமை பெற்ற சுமார் 2 லட்சத்து 92 ஆயிரம் பேரில் சிரியர்கள் மட்டும் 83 ஆயிரம். பெரும்பாலானோர் 2015ஐ ஒட்டி வந்தவர்கள். மொழித்தேர்வு எழுதி, வேலை பார்த்து, வரி கட்டி, சட்டம் கேட்ட நிபந்தனைகளை நிறைவேற்றியவர்கள். அவர்கள் கற்றதற்குப் பலன் கிடைக்கும் என்று சட்டம் உறுதி சொன்னது. அந்த உறுதியை நம்பிக் கற்றார்கள். அகதிகளுக்குப் பள்ளியும் பயிற்சியும் தரும் எந்த அரசும் இந்த உறுதியையும் சேர்த்தே தர வேண்டும்.